இரண்டு வானொலிகளுக்கு நடுவே ஒரு டிரம்மர்

கேரள–தமிழக எல்லையில் உள்ள குன்னத்துகால், காரக்கோணம், பாறசாலை வட்டாரத்தில் வானொலிக்கு எப்போதும் இரண்டு மொழி. ஒரு பக்கம் திருவனந்தபுரம் ஆகாசவாணி. இன்னொரு பக்கம் 1984-ல் தொடங்கப்பட்ட நாகர்கோவில் உள்ளூர் நிலையம். முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், மலையாளம் போய்த் தமிழ் வந்துவிடும். பாட்டுக்கு முன்பு அறிவிப்பாளர் சொல்லும் வாசகம் மட்டும் இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான்: படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள். சுரேஷ் பீட்டர்ஸ் என்ற பெயரைத் தமிழ் வானொலி கடைசி இடத்தில், பாடியவர் என்று சொல்லும். மலையாள வானொலி நடுவில், இசையமைத்தவர் என்று சொல்லும். இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்களில்கூட ‘பேட்டை ராப்’ பாடிய குரலும் ‘ராவணபிரபு’வின் மெட்டுகளைப் போட்டவரும் ஒரே ஆள் என்று தெரிந்தவர்கள் குறைவு. அவர் முதலில் ஒரு டிரம்மர் என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும். அந்தத் தகவலுக்கு எந்த வானொலி அறிவிப்பிலும் இடமில்லை.

சுரேஷ் பீட்டர்ஸின் தொழில் வாழ்வு உரிய மதிப்பைப் பெறவில்லை என்பது என் கருத்து. அதற்குக் காரணம் திறமைக் குறைவோ அதிர்ஷ்டக் குறைவோ இல்லை. நம் சினிமா இசை தன் கலைஞர்களை எப்படிப் பதிவு செய்கிறது, எந்த மொழிக் கணக்கில் அவர்களை எழுதுகிறது என்பதுதான் காரணம். அவருடைய வேலையைத் துண்டு துண்டாகப் பார்க்கும்வரை அது சிறியதாகவே தெரியும். டிரம்மர், ராப் பாடகர், மலையாள இசையமைப்பாளர் என்ற மூன்றையும் ஒரே ஆளின் காதிலிருந்து வந்தவையாகச் சேர்த்துக் கேட்டால்தான் அதன் அளவு புரியும்.

கோடம்பாக்கத்தில் பாட்டு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதிவரை ஒரு பாட்டு என்பது ஒரு கால்ஷீட் வேலை. ஏவி.எம்., பிரசாத், விஜயா கார்டன் போன்ற ஒலிப்பதிவுக் கூடங்களில் காலையில் வாத்தியக்காரர்கள் வந்து உட்காருவார்கள். எழுதிய நோட்ஸ் தாள்கள் கைக்கு வரும். ஒத்திகை நடக்கும். வயலின் வரிசை, புல்லாங்குழல், கிதார், தபேலா, டிரம்ஸ், பாடகர் எல்லாரும் ஒன்றாக வாசித்துப் பாட, டேப் ஓடும். யாராவது ஒருவர் தடுமாறினால் எல்லாருக்கும் மறுபடியும் முதலிலிருந்து. இந்த ஏற்பாட்டில் டிரம்மரின் பொறுப்பு மிகப் பெரியது. வயலின் வரிசையில் ஒருவர் சற்றுப் பிசகினால் மற்றவர்களின் ஒலி அதை மூடிவிடும். டிரம்ஸ் ஒரு இடத்தில் ஓடிவிட்டால் மூடுவதற்கு எதுவும் இல்லை. அறுபதுகளில் எம்.எஸ். விஸ்வநாதனின் குழுவில் நோயல் கிராண்ட் உட்கார்ந்த இருக்கை அது. பிறகு இளையராஜாவின் குழுவில் புருஷோத்தமன் உட்கார்ந்தார். டிரம்மர் சிவமணியின் தந்தை எஸ்.எம். ஆனந்தனும் கே.வி. மகாதேவனிடம் தாளம் வாசித்தவர். ஒரு காலத்தின் பாட்டுகள் இவர்கள் கைகளின் மேல் நடந்திருக்கின்றன. ரெக்கார்டு உறையில் இவர்கள் பெயர் இல்லை.

இசையமைப்பாளர்களே இந்த வாத்தியக்காரர் வரிசையிலிருந்துதான் வந்தார்கள். இளையராஜா ஜி.கே. வெங்கடேஷிடமும் சலில் சௌத்ரியிடமும் கிதார் வாசித்தவர். ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் பல மலையாளப் படங்களுக்குத் தானே இசையமைத்தவர். அதைவிட அதிகமான படங்களில் மற்ற இசையமைப்பாளர்களின் மெட்டுகளுக்கு வாத்திய அமைப்பு செய்து கொடுத்தவர். 1976-ல், நாற்பத்து மூன்று வயதில் அவர் இறந்தபோது அந்த உழைப்பின் பெரும்பகுதி மற்றவர்களின் பெயர்களுக்குள் கரைந்திருந்தது. மகன் சிறுவனாகவே கீபோர்டு தூக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போக வேண்டி வந்தது. சென்னையில் உட்கார்ந்து மலையாளத்துக்கு இசை செய்யும் தமிழர், முகம் தெரியாத வாத்திய அமைப்பாளர் என்ற மரபுக்குச் சேகர் மூத்த உதாரணம். சுரேஷ் பீட்டர்ஸ் அந்த மரபின் அடுத்த கண்ணி என்று நான் நினைக்கிறேன்.

எண்பதுகளில் சென்னையின் இளம் வாத்தியக்காரர்கள் பலர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்கள். பகலில் சினிமா ஒலிப்பதிவு, மாலையில் ராக் இசைக்குழு. ‘ரூட்ஸ்’ என்று ஒரு குழு இருந்தது. ரஹ்மான் கீபோர்டு, சிவமணி தாளம், கேரளத்தைச் சேர்ந்த ஜான் அந்தோனி கிதார். கூடவே சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. அந்தப் பட்டியலைப் பார்த்தாலே அடுத்த பத்தாண்டுத் தென்னிந்திய இசையின் ஒரு கரு முன்கூட்டியே கூடியிருந்தது தெரியும். ராக் குழுவில் வாசிப்பவனுக்குக் கிடைக்கும் ஒரு பயிற்சி சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் கிடைக்காது. அங்கே நோட்ஸ் தாள் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதைக் காதால் பிடிக்க வேண்டும். இடம் விட வேண்டும், விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். இதற்கு ஆங்கில ராக் இசை ஒரு பள்ளி என்றால், நம் ஊர்ப் பக்கத் தேவாலயப் பாடகர் குழுக்கள் இன்னொரு பள்ளி. நெய்யாற்றின்கரையிலிருந்து மார்த்தாண்டம்வரை சி.எஸ்.ஐ. சபைகளில் கீபோர்டும் கிதாரும் டிரம்ஸும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இன்றும் கானமேளா மேடைகளை நிரப்புகிறார்கள். எந்த ஊதியமும் இல்லாமல் ஞாயிறுதோறும் கூட்டத்தின் பாட்டுக்குத் தாளம் பிடித்துக்கொடுக்கும் வேலை, ஒருவனைப் பின்னணியில் நிற்கப் பழக்குகிறது.

இந்தக் கட்டத்தில் தொழில்நுட்பம் குறுக்கே வந்தது. ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட டி.ஆர்.-808, அதன் பின்னால் வந்த தாள இயந்திரங்கள், சீக்வென்சர்கள் ஆகியவை டிரம்மர் என்ற தொழிலையே கேள்விக்குள்ளாக்கின. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ இசையில் கணினி வழித் தாளம் கேட்டபோது ரசிகர்களுக்கு அது புதுமை. பல டிரம்மர்களுக்கு அது கால்ஷீட் குறையும் அறிகுறி. இரண்டு வகையினர் தப்பித்தார்கள். மேடையை நம்பியவர்கள் ஒரு வகை. சிவமணி அதில் உச்சம். இயந்திரத்துக்குள் போய் அதற்கு மனித நடை கற்றுக்கொடுத்தவர்கள் இன்னொரு வகை. 1989-ல் ரஹ்மான் தன் வீட்டு வளாகத்தில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டியபோது, பாட்டு ஒரே கால்ஷீட்டில் முடியும் வேலையாக இருந்த நிலை மாறியது. ஒவ்வொரு அடுக்காக, பல இரவுகளில் கட்டப்படும் பொருளாயிற்று. அப்படிக் கட்டும்போது கையருகே ஒரு நல்ல காது வேண்டும். வாத்தியம் தெரிந்த, தாளத்தில் சந்தேகமே இல்லாத, வேண்டுமானால் மைக் முன்னால் போய் நின்று குரலும் கொடுக்கக்கூடிய ஆள் வேண்டும்.

1993-ல் ‘ஜென்டில்மேன்’ வந்தது. ‘சிக்கு புக்கு ரயிலே’ பாட்டைச் சுரேஷ் பீட்டர்ஸ் பாடினார். சிறுவன் குரலுக்கு ஜி.வி. பிரகாஷ் குமார். அதே ஆண்டு ‘திருடா திருடா’வில் அனுபமாவோடு ‘சந்திரலேகா’. 1994-ல் ‘காதலன்’ படத்தில் ரஹ்மான், ஷாகுல் ஹமீது இருவரோடும் சேர்ந்து ‘ஊர்வசி’. அதே படத்தில் தேனி குஞ்சரம்மாளோடும் ஷாகுல் ஹமீதோடும் ‘பேட்டை ராப்’. இந்தியில் பாபா சேகல் ‘தண்டா தண்டா பானி’யை வெளியிட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தமிழில் ராப் என்று ஒன்று இருக்க முடியுமா என்ற கேள்விக்கே அப்போது பதில் இல்லை.

‘பேட்டை ராப்’ பாட்டை இப்போது ஒருமுறை, படத்தைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்க வேண்டும். பிரபுதேவாவின் கால்களும் வடிவேலுவின் முகமும் கண்ணில் இருக்கும்வரை அந்தக் குரல் செய்யும் காரியம் கவனத்துக்கு வராது. பாட்டின் வரிகளை எழுதியவர் இயக்குநர் ஷங்கர். வடசென்னைப் பேச்சின் சொற்கள், பொருள்களின் பட்டியல்போல அடுக்கி வருகின்றன. மெட்டு என்று சொல்ல அங்கே ஏறக்குறைய எதுவும் இல்லை. ஸ்வரம் ஏறி இறங்காத இடத்தில் காதைப் பிடித்து வைத்திருப்பது என்ன? வல்லின எழுத்துகள். க, ட, ப எங்கே விழுகின்றனவோ அங்கே ஸ்நேர் டிரம்மின் அடி விழுகிறது. இரட்டித்து வரும் மெய்களைச் சுரேஷ் பீட்டர்ஸ் கொஞ்சம் தாமதித்து வெடிக்க விடுகிறார். சொல்லின் கடைசி உயிரை நீட்டாமல் வெட்டி விடுகிறார். மரபான பின்னணிப் பாடகர் ஒருவர் பாடியிருந்தால் உயிரெழுத்தில்தான் நின்றிருப்பார். அவருடைய பயிற்சியே அதில்தான். இவர் மெய்யெழுத்தில் நிற்கிறார். குச்சியைக் கையில் பிடித்துப் பழகிய ஆளுக்குத்தான் இது இயல்பாக வரும். தமிழின் வல்லின இரட்டிப்பு ராப்புக்கு எவ்வளவு உகந்தது என்பதைப் பின்னால் வந்த தமிழ் ராப் கலைஞர்கள், மலேசியாவிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வாழும் நகரங்களிலும், மறுபடி மறுபடி நிரூபித்திருக்கிறார்கள். திரையில் முதலில் அதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் என்ற இடம் இவருக்கு உண்டு.

தேனி குஞ்சரம்மாளின் குரல் அந்தப் பாட்டில் நுழையும் இடமும் முக்கியம். தென் தமிழகத்து நாட்டார் தொண்டை ஒன்று, அமெரிக்க நகர்ப்புறத் தாளம் ஒன்று. நடுவில் நின்று இரண்டையும் பிடித்து வைத்திருப்பது சுரேஷ் பீட்டர்ஸின் தட்டையான, உணர்ச்சி காட்டாத பேச்சுக்குரல். அவர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. பாட்டை நிற்க வைத்தார். வாத்தியக்காரரின் பண்பு பாடகரிடம் வெளிப்பட்ட இடம் அது.

பாட்டுகள் வாழ்ந்தன. ‘சிக்கு புக்கு’ 2010-ல் ஆர்யா நடித்த ஒரு படத்துக்குத் தலைப்பாயிற்று. ‘பேட்டை ராப்’ 2024-ல் பிரபுதேவாவின் ஒரு படத்துக்குத் தலைப்பாயிற்று. பாடியவரின் பெயர் அதே வேகத்தில் பின்னால் போனது. இசையமைப்பாளராக அவர் தமிழில் செய்த ‘கூலி’ (பி. வாசு இயக்கி, சரத்குமார் நடித்து 1995-ல் வந்தது) இன்று தேடினாலும் எளிதில் கிடைக்காது. அதே பெயரில் 2025-ல் வந்த ரஜினிகாந்த் படம் எல்லாத் தேடல்களையும் மூடிவிட்டது. தமிழ்த் திரையுலகம் அவருக்கு இசையமைப்பாளர் என்ற நாற்காலியை அரைமனத்தோடு கொடுத்துப் பார்த்தது. ரஹ்மானின் அலை எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ரஹ்மானின் ஒலியோடு அடையாளம் காணப்பட்ட ஒருவர் தனியாக நிற்பது கடினமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மலையாளம் கதவைத் திறந்தது. 1998-ல் ராஃபி மெக்கார்ட்டின் இரட்டையரின் ‘பஞ்சாபி ஹவுஸ்’. கடன் தொல்லையில் சிக்கி, காது கேளாத வாய் பேசாதவனாக ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்குள் போய்ச் சேரும் இளைஞனின் கதை. இந்தப் படத்தின் பாட்டுகளை எழுதியவர் எஸ். ரமேசன் நாயர் என்பதை நம் எல்லைப்புற வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ரமேசன் நாயர் பிறந்தது குமரி மாவட்டத்துக் குமாரபுரம். திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனவர், திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றியவர், 2018-ல் ‘குருபௌர்ணமி’ காவியத்துக்காக சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், 2021-ல் மறைந்தவர். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒருவர் மலையாளக் கவியாகி வரி எழுதுகிறார். சென்னையிலிருந்து வந்த ஒரு தமிழ் டிரம்மர் மெட்டுப் போடுகிறார். அந்தப் பாட்டைக் குன்னத்துகால் வழியாகப் போகும் தனியார் பேருந்து ஒரு வருடம் விடாமல் ஒலிக்க வைக்கிறது. கேரளப் பாட்டு என்று பொதுவாகச் சொல்லப்படும் பொருளின் உள்ளே எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

‘பஞ்சாபி ஹவுஸ்’ பாட்டுகளில் கூட்டமும் குதியாட்டமுமாக இருப்பவற்றை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். என் கவனம் ‘எல்லாம் மறக்காம் நிலாவே’ பாட்டில் நிற்கிறது. சோகப் பாட்டுக்கு வழக்கமாகப் போடும் இழுவை அதில் இல்லை. பல்லவி ஒவ்வொரு அடியும் முடிந்தபின் ஒரு சிறு வெற்றிடம் விட்டு அடுத்த அடியை எடுக்கிறது. அந்த வெற்றிடத்தில் தாளம் மட்டும் நடக்கிறது. மெட்டுப் போடுபவர் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து யோசித்தால் அந்த இடத்தை இன்னொரு ஸ்வரத்தால் நிரப்பியிருப்பார். டிரம்மர் நிரப்ப மாட்டார். எங்கே வாசிக்கக் கூடாது என்பதே டிரம்ஸ் கற்பவன் கடைசியாகக் கற்கும் பாடம்.

அடுத்து வந்தவை வேகமாக வந்தன. 1999-ல் வினயனின் ‘இண்டிபெண்டன்ஸ்’. 2000-த்தின் இறுதியில் ‘தெங்காசிப்பட்டணம்’. 2001-ல் ‘ஒன் மேன் ஷோ’, ‘ராவணபிரபு’. 2002-ல் ‘மழத்துள்ளிக்கிலுக்கம்’. 2005-ல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடக்கும் கதையான ‘பாண்டிப்படை’. 2008-ல், மலையாள நடிகர் சங்கத்துக்காக எடுக்கப்பட்ட ‘டுவென்டி 20’ படத்தில் பெர்னி இக்னேஷியஸோடு சேர்ந்து. எல்லாம் சமமான தரம் என்று சொல்ல மாட்டேன். நகைச்சுவைப் படங்களுக்காகப் போட்ட சில வேகப் பாட்டுகள் படத்தோடு வந்து படத்தோடு போயின. ஒரே மாதிரியான கூட்டக்குரல், ஒரே மாதிரியான தாள வெட்டு என்ற குறை அவற்றில் உண்டு. அந்தப் படங்கள் அவரிடம் கேட்டது அதுதான். அவர் கேட்டதைக் கொடுத்தார். ஒலிப்பதிவுக் கூடப் பழக்கத்தின் பலவீனம் என்று இதைச் சொல்லலாம். கால்ஷீட்டுக்கு வந்த ஆள், என்ன வேண்டும் என்று கேட்பான். எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல அவனுக்குப் பல காலம் பிடிக்கும்.

‘ராவணபிரபு’வில் அவர் அதைச் சொல்லிவிட்டார். ரஞ்சித் இயக்கிய முதல் படம். 1993-ல் வந்த ‘தேவாசுரம்’ படத்தின் தொடர்ச்சி. ‘தேவாசுர’த்துக்கு இசை எம்.ஜி. ராதாகிருஷ்ணன். திருவனந்தபுரம் வானொலியின் மெல்லிசையை வளர்த்த, கர்நாடக சங்கீதத்தில் ஊறிய பெரியவர். ‘தேவாசுர’த்தின் நாயகனான மங்கலசேரி நீலகண்டன் என்ற பாத்திரமே நாட்டியமும் செண்டையும் கதகளியும் சூழ்ந்த உலகத்தைச் சேர்ந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு ராக் டிரம்மரை அனுப்புவது தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் துணிச்சலான முடிவு. கதையில் அதற்கு நியாயம் இருந்தது. இந்தப் படம் நீலகண்டனின் மகன் கார்த்திகேயனுடையது. மகனின் உலகத்தில் பணமும் வண்டிகளும் அடிதடியும் இருக்கின்றன. கிரீஷ் புத்தஞ்சேரி வரிகளை எழுதினார்.

‘தகிலு புகிலு’ அந்த மகனின் பாட்டு. கூட்டத்தோடு ஆடிப் பாடும் துள்ளல். பெயரே வாய்த்தாளச் சொல் போல ஒலிக்கிறது. ‘பேட்டை ராப்’பில் வல்லினத்தைப் பிடித்த காது இங்கே மலையாளத்தின் சொற்களுக்குள் அதையே தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. ‘ஆகாசதீபங்கள் சாட்சி’ தந்தையின் தலைமுறைக்கான பாட்டு. யேசுதாஸின் குரல் முன்னால் நிற்க, தாளம் பின்வாங்கி நிற்கிறது. ‘அறியாதெ அறியாதெ’ பாட்டில் ஜெயச்சந்திரனும் சித்ராவும். ஒரே படத்துக்குள் இந்த மூன்றும் இருக்கின்றன. ராதாகிருஷ்ணனைப் போலச் செய்து பார்க்கும் முயற்சி எதிலும் இல்லை. தன்னால் எது முடியுமோ அதைக் கொண்டு, அந்தப் பெரிய நிழலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். இதற்காக மட்டுமே அவரைப் பற்றி மலையாளத்திலும் தமிழிலும் விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

‘மழத்துள்ளிக்கிலுக்கம்’ படத்தில் ஜெயச்சந்திரன் பாடிய ‘தேரிறங்கும் முகிலே’ பற்றியும் ஒரு சொல். அந்தத் தலைப்பு தமிழனுக்கு மொழிபெயர்க்க வேண்டாத மலையாளம். ஜெயச்சந்திரன் 2025 ஜனவரியில் மறைந்தபோது, அவருடைய சிறந்த பாட்டுகளை நினைவுகூர்ந்த பலரும் இதைச் சொன்னார்கள். இசை யாருடையது என்று அவர்களைக் கேட்டிருந்தால் பாதிப் பேர் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள் என்பது என் அனுமானம். அவ்வளவு தூரம் அது ‘பேட்டை ராப்’ ஆசாமியிடமிருந்து எதிர்பார்க்கப்படாத மென்மை.

ஒரு கலைஞனை இப்படி மறந்துபோவது நம் எல்லைப் பகுதிக்குப் புதிய அனுபவமும் இல்லை. மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமார’னை எடுத்த ஜே.சி. டேனியல் அந்தப் படத்தால் சொத்தை இழந்து, பல் மருத்துவராக வாழ்ந்து, 1975-ல் தமிழ்நாட்டின் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். 1992-ல்தான் கேரள அரசு அவர் பெயரில் விருதை நிறுவியது. ‘செல்லுலாய்டு’ படம் 2013-ல் வந்த பிறகே பொதுமக்கள் அவர் கதையை அறிந்தார்கள். மொழிவாரி மாநிலம் நிலத்தைப் பிரித்ததோடு நிற்காமல் நினைவையும் பிரித்தது. ஒரு கலைஞன் இரண்டு பக்கமும் வேலை செய்தால், ஒவ்வொரு பக்கமும் தன் பாதியை மட்டும் கணக்கில் எழுதிக்கொண்டது.

சட்டத்தின் கதை இதைவிட வருத்தமானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தபோது வாத்தியம் வாசிப்பவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. இசையமைப்பாளரின் நிலையே தள்ளாட்டம்தான். 1969-ல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் கூலி கொடுத்து இசை செய்ய வைத்த தயாரிப்பாளரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. நிகழ்த்துநர் உரிமை என்ற கருத்து 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. 2012 திருத்தம் இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டியை உறுதி செய்தது. பாடகர்கள் அடுத்த ஆண்டே தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள்.

அதே 2012 திருத்தம் ‘நிகழ்த்துநர்’ என்ற வரையறைக்கு ஒரு காப்பு வாசகத்தையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரின் நிகழ்த்துகை தற்செயலானதாகவோ துணைநிலையிலோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்குமே போடப்படுவதில்லை என்றால், அவர் சட்டத்தின் கண்ணில் நிகழ்த்துநர் ஆக மாட்டார். தன் நிகழ்த்துகையைத் திரித்து நற்பெயரைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். கூட்டக் காட்சியில் நிற்கும் துணை நடிகர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் வாத்தியக்காரரின் பக்கமிருந்து படித்தால் நெஞ்சு பதறுகிறது. ஐம்பது ஆண்டுகளாகப் பெயர் போடாமல் விட்டது ஒரு கெட்ட வழக்கம். சட்டம் அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்கவில்லை. அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. பெயர் இல்லை, ஆகவே ஆள் இல்லை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ‘ரெக்கிங் க்ரூ’ வாத்தியக்காரர்களும் டெட்ராய்ட் நகரத்தின் ‘ஃபங்க் பிரதர்ஸ்’ குழுவும் இதே போல் முகம் தெரியாமல் இருந்தவர்கள்தான். அறுபதுகளின் எண்ணற்ற வெற்றிப் பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்த ஹால் பிளெய்ன், பேஸ் கிதார் வாசித்த கேரல் கே ஆகியோரைப் பொதுமக்கள் அறிந்தது பிற்காலத்தில், ஆவணப்படங்கள் வந்த பிறகு. இருந்தும் அவர்களை மீட்டெடுக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே இசைக்கலைஞர் தொழிற்சங்கம் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுதிவைத்த ஒப்பந்தத் தாள்கள். எந்தத் தேதியில், எந்தக் கூடத்தில், யார் யார், எத்தனை மணி நேரம் என்று அவற்றில் இருந்தது. ஆய்வாளர்கள் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சென்னையிலும் சினி மியூசிசியன்ஸ் யூனியன் இருக்கிறது. கால்ஷீட் கணக்கு இல்லாமல் இங்கே யாருக்கும் கூலி கொடுக்கப்பட்டதில்லை. அந்தக் கணக்குகள் சம்பளத்துக்கான தாள்களாகப் பார்க்கப்பட்டன. வரலாற்றுக்கான தாள்களாகப் பார்க்கப்படவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையோ தமிழியல் ஆய்வு நிறுவனமோ இன்று இறங்கினால், மிஞ்சியிருக்கும் பதிவுகளையும் வயதான வாத்தியக்காரர்களின் நினைவுகளையும் சேர்த்து ஒரு பட்டியலை உருவாக்க முடியும். பத்து ஆண்டு தள்ளிப்போட்டால் நினைவுகள் இருக்காது.

ஒரு விஷயத்தில் ரஹ்மானுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். அவருடைய கேசட், குறுந்தகட்டு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிடும் பழக்கத்தை அவர் பரவலாக்கினார். பேஸ் கிதார் என்றால் கீத் பீட்டர்ஸ், புல்லாங்குழல் என்றால் நவீன் குமார் என்று ஒரு தலைமுறை ரசிகர்கள் அந்தச் சிறிய எழுத்துகளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தானும் அதே வரிசையில் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தவர், தந்தையின் உழைப்பு பெயரில்லாமல் போனதைப் பார்த்தவர் செய்த காரியம் அது. உறை என்ற பொருளே மறைந்து, பாட்டுகள் கைபேசிச் செயலிகளுக்குப் போன பிறகு அந்தச் சிறிய எழுத்துகளும் பெரும்பாலும் காணாமல் போயின. செயலியில் ‘தெங்காசிப்பட்டணம்’ பாட்டைத் திறந்தால் பாடகரின் பெயர் பெரிதாகவும், இசையமைப்பாளரின் பெயர் தேடிப்பிடிக்க வேண்டிய இடத்திலும் இருக்கும். டிரம்ஸ் யார், கிதார் யார் என்று எழுத அங்கே பெரும்பாலும் இடமே கிடையாது.

‘ராவணபிரபு’ 2025 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. படம் முதலில் வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் இருக்கையைவிட்டு எழுந்து திரைக்கு முன்னால் ஆடினார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு போட்ட தாளம் அவர்கள் கால்களுக்கு இன்னும் பொருந்தியது. ஒரு டிரம்மருக்கு இதைவிடக் கறாரான தேர்வு கிடையாது. அதில் அவர் தேறிவிட்டார். அவருடைய முழுப் பாடல் பட்டியலை, வாசித்தது, பாடியது, இசையமைத்தது என்று மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து, தமிழிலும் மலையாளத்திலும் யாராவது தொகுக்க வேண்டும். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறோம்.